மனசு விட்டுப் பேச வர்றவங்ககிட்ட எப்படிக் காது கொடுக்கறது? (பதில் சொல்றவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்ப் பேர் இருக்கு.)

முத்தியால்பேட்டை:
முதல்ல இடம். டீக்கடை வேண்டாம், தெரிஞ்சவங்க யாராவது வந்து நின்னுடுவாங்க. புதுச்சேரி கடற்கரைச் சாலையில சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரைக்கும் வண்டி கிடையாது. காந்தி சிலைக் கூட்டத்தைத் தாண்டி, டூப்ளே சிலைப் பக்கம் போயிடுங்க. எதிரெதிரே உட்காராம பக்கத்துல உட்காருங்க. ரெண்டு பேரும் கடலைப் பார்த்துக்கிட்டிருந்தா, கண்ணு கலங்கினாலும் முகத்தை ஒளிக்க வேண்டியதில்ல. ஆம்பளைங்களுக்கு இது பெரிய உதவி. போன் சைலண்ட்ல, பாக்கெட்டுக்குள்ள. கவுத்து வெச்சாலும் அதிர்ந்தா கண்ணு அங்கதான் போகும்.

"நான் கேட்டா மட்டும் போதுமா, யோசனையும் சொல்லணுமா?" இதை ஆரம்பத்துலயே கேட்டுடுங்க. கொட்டித் தீர்க்க வந்தவருக்கு நாம வக்கீல் நம்பர் தேட ஆரம்பிச்சா, அவர் அத்தோட வாயை மூடிக்குவார்.

திருப்பாதிரிப்புலியூர்:
பேச்சைக் கெடுக்கறது பெரும்பாலும் நம்ம ஆறுதல்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே'ங்கற புயல் அடிச்சப்போ பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் சாய்ஞ்சது. தோப்பு போனவர்கிட்ட "எல்லாருக்கும்தானே போச்சு"ன்னு சொல்றது ஆறுதல் இல்ல. கன்னு வெச்சு நல்ல காய்ப்புக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பொண்ணு கல்யாணம் என்னாகும், கடன் என்னாகும்னு அவர் மனசு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கும். "புயல் அடங்கி தோப்புக்குப் போனப்போ எப்படி இருந்துச்சு?"ன்னு கேளுங்க. அவரே மரம் மரமா சொல்லுவார்.

"எனக்கும் இப்படித்தான்..." இதுவும் அதே தப்பு. அந்த நிமிஷத்துல இருந்து பேச்சு உங்களோடதா ஆயிடுது. "ஏன்"னு தொடங்கற கேள்வியும் வேண்டாம். "ஏன் முன்னாடியே சொல்லல?"ங்கறது விசாரணை மாதிரி விழும், "எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"ன்னா பதில் வரும்.

அவர் நிறுத்தினதும் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. பல நேரம் முக்கியமான விஷயம் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வரும். வரலைன்னா கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லுங்க. "வீட்டுக்குப் போகவே பிடிக்கல"ன்னா, "பிடிக்கலயா..."ன்னு இழுத்து நிறுத்தினா போதும். ஒவ்வொரு வரிக்கும் இதைச் செஞ்சா எரிச்சல்தான் வரும்.

தேவனாம்பட்டினம்:
"செத்துடலாம் போல இருக்கு"ன்னு வந்தா "சீ, அப்படிப் பேசாத"ன்னு தட்டாதீங்க. "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது. சொல்ல இடம் கிடைக்கும். ஆமான்னா, எப்படின்னு யோசிச்சிருக்காரா, அதுக்கான பொருள் கைக்கெட்டற தூரத்துல இருக்கான்னும் கேளுங்க. வயலுக்கு வாங்கின பூச்சிமருந்தும், மிச்சம் கிடக்கற மாத்திரையும் அன்னைக்கே வீட்டை விட்டு வெளிய போகணும். அவரைத் தனியா விடாதீங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. உடனே ஆபத்துன்னா அவரை அவசரச் சிகிச்சைக்கே கூட்டிக்கிட்டுப் போயிடணும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு.

போலீஸ் கேஸாயிடுமோன்னு பயந்து மறைக்கற குடும்பங்கள் இன்னும் இருக்கு. முயற்சி பண்ணினவர் கடும் மன அழுத்தத்துல இருந்தவர்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 115ஆவது பிரிவு சொல்லுது.

உயிருக்கு ஆபத்துன்னா மத்தவங்க உதவியும் வேணும். அதனாலதான் "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு கண்ணை மூடிக்கிட்டு சத்தியம் பண்ணக் கூடாது. "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன்"னு முதல்லயே சொல்லிடுங்க. மத்தபடி பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாது.

முத்தியால்பேட்டை:
அதோட ஒண்ணு. மறுநாள் "ராத்திரி தூங்கினியா?"ன்னு ஒரு வரி அனுப்புங்க. முழுசையும் கிளறாதீங்க, நிறைய சொல்லிட்டோமேன்னு கூச்சத்துல இருப்பாங்க. நீங்களே சோர்ந்து கிடக்கற அன்னைக்கு அரைக்காதா கேட்காதீங்க. உயிர் ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சா, "இன்னைக்கு முடியல, நாளைக்கு ஏழு மணிக்கு வரேன்"னு சொல்லிட்டு, ஏழு மணிக்குப் போய் நில்லுங்க.