பன்னிரண்டு வயதில் பொன்னியின் செல்வனா? பெங்களூர்ப் பிள்ளைகள் தமிழில் எதைப் படிப்பது?

அல்சூர் வாசகி
நேற்று எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குழுவில் ஒருவர் பட்டியல் போட்டிருந்தார். ஐந்து வயதில் அழ. வள்ளியப்பா பாட்டு, எட்டு வயதில் தெனாலிராமன், பன்னிரண்டு வயதில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும். கடைசியில் ஒரு வரி: "பன்னிரண்டில் இதை முடிக்காத பிள்ளை அதற்குமேல் தமிழ் படிக்காது." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

என் மகளுக்கு 13 வயது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் எழுத்து நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கத் துப்பறியும் கதையை இரண்டே நாளில் முடிப்பாள். அவள் மனசுக்கு வயது 13, அவள் தமிழ்க் கண்ணுக்கு வயது 7. குழந்தைக் கதை கொடுத்தால் "நான் என்ன பாப்பாவா?" என்கிறாள். பெரிய கதை கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுகிறாள். வயதை மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரியுமா?

காவிரிக்கரையான்
அந்தப் பட்டியல் என்னுடையது. அங்கேயே கேட்டிருக்கலாம், இங்கே வந்து வயிறு எரிய வேண்டாம்.

நான் பன்னிரண்டு வயதில் ஐந்து பாகமும் முடித்தவன். ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு, அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை, எனக்குக் கன்னட மீடியம் பள்ளி. வீட்டில் இருந்தது வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு வால்யூம், மணியத்தின் படங்களோடு. எனக்கு முடிந்தது உங்கள் மகளுக்கு ஏன் முடியாது? பிள்ளையை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள், மேடம்.

ஹொசூர் ரோடு
ஐயா, சின்னக் கணக்கு. புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மொத்தம் 293. பள்ளி நாளில் முடியாது, கோடை விடுமுறை என்றே வைத்துக்கொள்வோம். அறுபது நாளில் தினம் ஐந்து அத்தியாயம் ஆகிறது. கன்னட மீடியத்தில் படித்த பன்னிரண்டு வயதுப் பையன், தினமும் ஐந்து அத்தியாயம். நிஜமாகவா?

காவிரிக்கரையான்
கணக்குப் போட்டுக்கொண்டு கதை படிக்கிறவர்களுக்கு அது புரியாது. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், ஆடிப்பெருக்கு, ஏரி கடல் மாதிரி கிடக்கிறது. அந்த இடத்தில் மூடி வைக்க யாருக்கு மனசு வரும்? ஐந்து என்ன, எட்டு அத்தியாயம் படித்த நாளும் உண்டு. பன்னிரண்டு வயது. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பழைய புத்தகப் பைத்தியம்
நான் லிங்கராஜபுரத்தில் வளர்ந்தவன். எனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் முத்து காமிக்ஸ். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய இதழ் அது. கட்டத்துக்குள் இரண்டு வரி, பக்கத்திலேயே படம். ஒரு சொல் புரியாவிட்டாலும் படத்தைப் பார்த்து ஊகிக்கலாம். கதையோ கொலை, உளவு, கொள்ளை, பாப்பாக் கதை அல்ல. வாசகி மேடம், துப்பறியும் கதை பிடித்த 13 வயதுப் பெண்ணுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். அவென்யூ ரோட்டுப் பழைய கடைகளில் தமிழ்க் கட்டு எப்போதாவதுதான் கண்ணில் படும். ஆனால் இப்போதும் சிவகாசியிலிருந்து புதிதாக அச்சாகி வருகிறது, தபாலில் வாங்கலாம்.

காவிரிக்கரையான்
காமிக்ஸைப் புத்தகம் என்று சொல்கிற காலம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கதையின் மொழிபெயர்ப்பு. அதில் சோழ நாடு உண்டா, நம் ஊர் ஆறு உண்டா?

பழைய புத்தகப் பைத்தியம்
பாதி இல்லை ஐயா, பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். மாயாவியே இங்கிலாந்துக்காரர். அதனால் என்ன? நான் ழ, ள, ல மூன்றையும் பிரித்துப் பார்த்துப் பழகியது அதில்தான். காமிக்ஸை இகழ்கிறவர்களோடு எனக்கு முப்பது வருடச் சண்டை. எங்கள் மாமா ஒருவர் என் காமிக்ஸ் பெட்டியைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார். அவரும் இப்படித்தான் சோழ நாட்டைப் பற்றிப் பேசுவார்.

காவிரிக்கரையான்
உங்கள் மாமா நல்ல மனிதர்.

கணேஷ் வசந்த் ரசிகன்
பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சுஜாதா பெயரை ஒருவரும் சொல்லவில்லையே! ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதிய மனிதர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவருக்கும் பங்கு உண்டு. சின்ன வாக்கியம், வேகம், துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும். கேட்டதே துப்பறியும் கதைதானே? கதை வேண்டாம் என்றால் அவருடைய அறிவியல் கேள்வி பதில்கள் இருக்கின்றன. ஒரு கேள்வி, ஒரு பதில், அரைப் பக்கம். எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்காது.

காவிரிக்கரையான்
13 வயதுப் பெண்ணுக்கு வசந்தின் பேச்சையா கொடுக்கச் சொல்கிறீர்கள்? பெண்களைப் பார்த்தால் அவன் அடிக்கிற கமென்டை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவீர்களா? வயது பார்க்காமல் புத்தகம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அதற்காகத்தான் என் பட்டியல்.

கணேஷ் வசந்த் ரசிகன்
சரி, வசந்த் 16 வயதுக்கு மேல் என்றே வையுங்கள். அப்போது நந்தினி மட்டும் எந்த வயதுக்கு? கிழவர் பழுவேட்டரையரை மணந்துகொண்டு அவள் போடுகிற திட்டமெல்லாம் பன்னிரண்டு வயதுக்கு ஏற்றதா?

காவிரிக்கரையான்
கல்கியின் நாகரிகத்தை இதோடு ஒப்பிட வேண்டாம். அந்தப் பேச்சே கூடாது.

ஜெயநகர் நாலாவது பிளாக்
ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்பது வருடமாகத் தமிழ் சொல்லித்தருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அதில் போட்டிருப்பது வயது அல்ல, நிலை. நிலை 1 என்றால் 250 சொல்லுக்குள், நிலை 2 என்றால் 600 வரை, நிலை 3 என்றால் 1500 வரை, அதற்குமேல் போனால் நிலை 4. எங்கள் வகுப்பில் 14 வயதுப் பையன் நிலை 2 படிக்கிறான், 8 வயதுப் பெண் நிலை 4 படிக்கிறாள். வெட்கப்படாமல் இருக்க ஒரு வழி செய்தோம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "பாப்பா கதை" என்ற பேச்சு போய், "பாப்பாவுக்கு நான் வாசிக்கிற கதை" ஆகிவிட்டது. வாசகி மேடம் மகளிடம் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்று, விரல் கணக்கு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்குகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். அந்தப் பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்.

அப்புறம், 13 வயதுக்குக் கனமான விஷயம், எளிய தமிழ் இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம். 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. தொடக்கூடாத விதத்தில் தொடுகிறவரிடமிருந்து ஒரு குழந்தை எப்படித் தப்பிக்கிறாள் என்பதுதான் கதை. என் வகுப்புப் பெண்கள் ஒருத்தி விடாமல் முடித்தார்கள்.

வளர்ந்த பிறகு, ஒரு 17 வயதில், அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு. தமிழ்நாட்டுக்கு வெளியே, செகந்திராபாத்தில் வளர்கிற தமிழ்ப் பையன், 1948-இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைகிற நேரம். நம் பிள்ளைகள் தங்களையே பார்ப்பார்கள்.

ஹொசூர் ரோடு
மேடம், நன்றி. ஒலிப்புத்தகம் எப்படி? என் பையனை மடிவாளாவிலிருந்து பள்ளிக்குக் கூட்டிப்போக ஒன்றேகால் மணி நேரம் டிராஃபிக். அதில் கேட்டுக்கொண்டே போகலாமே. அவன் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். வயது 10!

காவிரிக்கரையான்
காதால் கேட்டதைப் படித்ததாகச் சொல்லக்கூடாது. கண்ணால் எழுத்தைப் பார்க்க வேண்டும், கையால் பக்கம் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது வானொலி நாடகம். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாட்டி அந்த வால்யூமை மடியில் வைத்துக்கொண்டு குரலை ஏற்றி இறக்கி வாசிப்பாள். ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல், பூங்குழலிக்கு ஒரு குரல். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். அந்த மாதிரி ஒரு அனுபவத்தைக் காதில் மாட்டுகிற கருவி தருமா?

ஹொசூர் ரோடு
ஐயா, ஒரு நிமிஷம். பாட்டி வாசித்தார்களா?

பழைய புத்தகப் பைத்தியம்
நானும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பாட்டிதான் வாசித்திருக்கிறார்.

காவிரிக்கரையான்
பாட்டி வாசிப்பது வேறு, கருவி வாசிப்பது வேறு. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் களைத்துப்போனால் நான் வாசிப்பேன். பன்னிரண்டு வயதில் முடித்தேன் என்றால் முடித்தேன்.

ஹொசூர் ரோடு
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தது படித்த கணக்கு, என் பையன் கேட்பது நாடகமா? 293 அத்தியாயத்தில் பாட்டி எத்தனை, நீங்கள் எத்தனை?

காவிரிக்கரையான்
என் பாட்டியைக் கணக்கில் இழுக்காதீர்கள், தம்பி. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அவள் இல்லாவிட்டால் எனக்குத் தமிழே இல்லை.

ஜெயநகர் நாலாவது பிளாக்
அதைத்தானே சார் நானும் சொல்கிறேன். பெரியவர்கள் வாசித்துக் காட்ட வேண்டும், பிள்ளை எந்த வயதில் இருந்தாலும். பட்டியலில் அந்த வரியைச் சேருங்கள்.

காவிரிக்கரையான்
பட்டியலில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். எட்டு, பன்னிரண்டு எல்லாம் யோசித்துப் போட்டது.

அல்சூர் வாசகி
நான் கேட்டது என் மகளுக்கு என்ன புத்தகம் என்று. நடுவில் எல்லோரும் ஒருவர் பன்னிரண்டு வயதில் என்ன செய்தார் என்பதிலேயே நிற்கிறீர்கள். விரல் கணக்கை இன்று மாலை பார்த்தோம். அவள் 2022-இல் படமாகப் பார்த்தவள், கதை தெரியும். புது வெள்ளத்தில் முதல் பக்கம் பாதிகூட வரவில்லை, ஐந்து விரலும் மடங்கிவிட்டது. பழைய புத்தகப் பைத்தியம் அண்ணா, அந்தக் காமிக்ஸ் வாங்குகிற விவரம் தனியாக அனுப்புங்கள்.

காவிரிக்கரையான்
ஒரு பக்கத்தில் விரல் மடங்கியதற்கா இத்தனை? எனக்கும் முதலில் மடங்கியது. விடாமல் படித்தேன். பன்னிரண்டு வயது.

ஹொசூர் ரோடு
தியாகச் சிகரம் 91 அத்தியாயம். அதையாவது நீங்களே படித்தீர்களா, பாட்டியா? அதை மட்டும் சொல்லுங்கள்.