புதுப்பிப்பு: டிஓஐ திறந்தால் மட்டும் போதாது

மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க ஒவ்வொரு டிஓஐயையும் (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிரந்தர அடையாள எண்) திறந்து பார்த்தால் போதும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. திரும்பப் பெறப்பட்ட, அதாவது நம்பத்தக்கதல்ல என்று இதழ் விலக்கிக்கொண்ட, கட்டுரையின் டிஓஐயும் வழக்கம்போலத் திறக்கும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது; அதன் பக்கம் இன்றும் இருக்கிறது.

பெரிய ஆபத்து, முன்பே இறக்கி வைத்த பிடிஎஃப். அதில் திரும்பப் பெற்ற அறிவிப்பு தானாக வந்து சேராது. சமர்ப்பிக்குமுன் இதழின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள். மேற்கோள்களைச் சேமிக்கும் சொட்டேரோ மென்பொருள், திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பட்டியலோடு தானே ஒப்பிட்டு எச்சரிக்கும், ஆனால் பதிவில் டிஓஐயோ பப்மெட் (மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம்) எண்ணோ இருந்தால்தான்.

அத்தகைய கட்டுரையையே விவாதிப்பதென்றால் தாராளமாக மேற்கோள் காட்டலாம். திரும்பப் பெறப்பட்டது என்பதை உரையிலும் பட்டியலிலும் கட்டாயம் எழுதுங்கள்.