பத்தமடைப் பாய் வடிவத்தில் கடிதத்தாள் பின்னணி: இரட்டைக் கோடும் அலைக்கோடும் வருகின்றன, உதவி வேண்டும்

சேரன்மகாதேவிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மணமக்கள் பெயரை நெய்த பத்தமடைப் பாய் ஒன்றைத் தாய்மாமா சீராகக் கொடுத்தார். வர முடியாமல் மஸ்கட்டிலிருந்தும் மும்பையிலிருந்தும் வாழ்த்து அனுப்பிய சொந்தக்காரர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அந்தப் பாயின் கரையே கடிதத்தாளின் பின்னணியாக அமைய வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. என் ஆசையும் அதுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரோஜாப்பூத் தாளில் எங்கள் ஊர் இல்லை.

பாயைத் திண்ணையில் விரித்துக் கைபேசியில் படம் எடுத்தேன். படம் திருத்தும் கிம்ப் 2.10 மென்பொருளில் கரைப்பகுதியைச் சதுரமாக வெட்டி, ஃபில்டர்ஸ் மெனுவில் மேப் என்பதன் கீழ் உள்ள, ஒட்டு தெரியாமல் அடுக்க உதவும் டைல் சீம்லெஸ் கட்டளையைக் கொடுத்தேன். ஜேபெக் கோப்பாகச் சேமித்து, லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் பக்கப் பின்னணியாகத் திரும்பத் திரும்ப வருமாறு வைத்தேன்.

சிவப்புக் கோடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் நிழல்போல மங்கலாக இன்னொரு கோடு நிற்கிறது. பக்கத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் பாயில் இல்லாத அலை அலையான வரிகள் ஓடுகின்றன. பிடிஎஃப் ஆக்கினால் சதுரங்களுக்கு இடையே மயிரிழை அளவில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. இவற்றுக்கு மேல் தமிழ் எழுத்தை வாசிக்கவே முடியவில்லை. பின்னணியை மங்கலாக்கினால் தாள் அழுக்குப் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும்?

பொருநை

அக்கா, முதலில் சதுரத்தின் ஓரங்களைச் சோதியுங்கள். லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதற்குள் ஆஃப்செட். குறுக்குவழி கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தச் சொன்னால் நான்கு ஓரங்களும் படத்தின் நடுவில் வந்து சேரும். பொருந்தாத இடம் சிலுவைபோல் தெரியும். ஹீல் கருவியால் அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். டைல் சீம்லெஸ் இல்லாத மூலப் படத்தில் செய்யுங்கள். படம் எடுத்தபோது வெயில் ஒரு பக்கமாக விழுந்ததா?

சேரன்மகாதேவிக்காரி

ஆமாம் தம்பி, காலை வெயில் இடப்பக்கமாக விழுந்தது. ஆஃப்செட் கொடுத்துப் பார்த்தேன். சிலுவை தெரிகிறது, அதோடு இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் இருட்டு. ஹீல் கருவியால் தேய்த்தால் கோடு கோணுகிறது.

பாளை அச்சகத்தார்

தங்கச்சி, நீங்கள் சொன்ன கோளாறுகளுக்குக் காரணங்கள் வேறுவேறு. தனித்தனியாகப் பார்த்தால்தான் தீரும்.

டைல் சீம்லெஸ் கட்டளை உங்கள் படத்தைப் பாதி தூரம் நகர்த்திய அதன் பிரதியோடு கலந்துவிடுகிறது. ஆற்று மணல், புல்தரை, மேகம் ஆகியவற்றுக்கு அது அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் அவற்றில் எண்ணிக்கை கிடையாது. பாய் எண்ணி நெய்த பொருள். ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு அரை நிறத்தில் ஏறி உட்காரும். நீங்கள் பார்க்கும் நிழல்கோடு அதுதான். ஹீல் கருவியும் இதே காரணத்தால்தான் இங்கே தோற்கிறது.

அலைவரிக்கு மோரே என்று பெயர். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்து நகர்த்திப் பாருங்கள், எந்த வலையிலும் இல்லாத அலை ஓடும். கோரையின் நுண்வரிகள் ஒரு வலை, கேமராவின் அல்லது திரையின் புள்ளிவரிசை (பிக்சல்கள்) இன்னொரு வலை. வரி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுக்குத் தொல்லை அதிகம். உயர்ந்த ரகப் பத்தமடைப் பாயைத் தூரத்திலிருந்து படம் எடுத்தால் இது வரத்தான் செய்யும். அருகே போய், ஏ4 தாள் அளவுக்கான பகுதி மட்டும் படத்தை நிரப்பும்படி எடுத்தால் ஒரு கோரைக்குப் பல புள்ளிகள் கிடைக்கும், அலை அடங்கும். பிறகு படத்தைச் சிறிதாக்கும் முன், லேசாக மழுப்பும் காசியன் பிளர் ஒரு புள்ளி அளவுக்குக் கொடுங்கள்.

வெள்ளை மயிரிழை ரைட்டரில் சதுரங்களை அடுக்கியதால் வருகிறது. அடுக்கிய சதுரத்தின் ஓரம் திரைப்புள்ளியின் நடுவே விழும்போது, பிடிஎஃப் காட்டும் மென்பொருள் அந்தப் புள்ளிக்குப் பாதி நிறம்தான் கொடுக்கும். பின்னால் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். அச்சில் பெரும்பாலும் தெரியாது. ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் கைபேசியில்தான் பார்ப்பார்கள். அதனால் அடுக்கும் வேலையைக் கிம்ப்பிலேயே முடித்து, முழுப் பக்கத்தையும் ஒரே படமாக ரைட்டருக்குக் கொடுங்கள்.

கரையைப் புகைப்படத்திலிருந்து எடுக்க வேண்டாம், வரையுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம். கிம்ப்பில் 31 புள்ளி அகலமும் 31 புள்ளி உயரமும் கொண்ட சின்னஞ்சிறு படம் ஒன்றைத் திறந்து, திரையில் 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பென்சில் கருவி, ஒரு புள்ளி அளவு. பிரஷ் வேண்டாம், அது ஓரத்தை மழுப்பும். பாயைப் பார்த்து ஒரு கோரைக்கு ஒரு புள்ளி என்று எண்ணி வையுங்கள். 31 ஒற்றைப்படை எண் என்பதால் வைரவடிவத்துக்கு நட்டநடுப் புள்ளி கிடைக்கும். முனைகள் ஓரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அடுத்த சதுரத்தின் முனையோடு ஒட்டி இரட்டிப்பாகத் தெரியும். ஒரு புள்ளி வெற்றாக விடுங்கள்.

வரைந்ததும் ஸ்கேல் இமேஜ் மூலம் எட்டு மடங்கு பெரிதாக்குங்கள், இன்டர்போலேஷன் என்ற இடத்தில் நன் என்று வைத்து. 248 புள்ளி வரும், தாளில் 21 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். பத்துச் சதுரம் மிச்சமின்றி உட்காரும். வீட்டு அச்சுப்பொறிகள் ஓரத்தில் சில மில்லிமீட்டரை விட்டுவிடும் என்பதால் ஒன்பது சதுரத்தை நடுவில் வைத்து இருபுறமும் 124 புள்ளி ஒதுக்குங்கள். உயரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 3508 என்பது நான்கு பெருக்கல் 877, அந்த 877 எதனாலும் வகுபடாது. பக்கம் முழுவதையும் சதுரத்தால் நிரப்ப நினைத்தால் மேலோ கீழோ பாதியில் வெட்டுப்படும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அத்துடன் நிறுத்துங்கள்.

பொருநை

அண்ணாச்சி, வரைந்த கரை சுத்தமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் கோரை இருக்காது. ஒரு கோரை தடிப்பு, ஒன்று மெலிவு, ஒன்று கொஞ்சம் பழுப்பு. அந்த ஏற்றத்தாழ்வு போய்விட்டால் அது பத்தமடை ஆகாது, குறுக்குத்தையல் படம் ஆகிவிடும்.

பத்தமடை நெசவு வீடு

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்றும் தறி ஓடுகிறது, அதை வைத்துச் சொல்கிறேன்.

பாயில் நூல்தான் பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழை; கோரை ஊடை, அதாவது குறுக்கே கோக்கும் இழை. சாயம் தோய்த்த கோரையைக் குறுக்கே எண்ணிக் கோக்கும்போது கரை விழுகிறது. அதனால் அச்சகத்து அண்ணாச்சி சொன்னபடி எண்ணி வரைவது எங்கள் வேலைக்கு நெருக்கமான வழி. நாங்களும் கட்டம்போட்ட தாளில் எண்ணிப் பார்த்துத்தான் பெயர் எழுத்துகளை நெய்கிறோம். தங்கச்சி, பாயைத் தடவி எண்ணுங்கள், படத்தைப் பார்த்து எண்ண வேண்டாம். கையில்தான் கணக்குத் தப்பாது.

ஆனால் நடுப்பகுதி வேறு. பல பாய்களில் நடுவில் சாயமே ஏறாது, ஆற்றோரக் கோரையின் சொந்த நிறம்தான். அங்கே எண்ணிக்கை இல்லை, அதைப் படம் எடுத்துப் போடுங்கள். அந்தத் தம்பி ஆசைப்படும் தடிப்பும் மெலிவும் அங்கே இருக்கின்றன. பாய்க்கு அழகு அதன் ஓரத்தில். நடு இடம் ஆள் படுக்க. கடிதத்திலும் நடு இடம் எழுத்துக்கு. எங்கள் பெண்கள் நாள்கணக்கில் கீறி, காயவைத்து, தோய்த்து நெய்வதைப் பெயரோடு சேர்த்துத் தாளில் கொண்டுபோகிறீர்கள் என்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கடிதத்தின் அடியில் பத்தமடைப் பாய் என்று சின்னதாக ஒரு வரி போடுங்கள், அம்மா.

பாளை அச்சகத்தார்

நெசவு வீட்டு அக்கா சொன்னதுதான் சரியான வழி. நடுக்கோரையைச் சதுரமாக வெட்டி அடுக்கவும் வேண்டாம். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் சுமார் 4000 புள்ளிக்கு 3000 புள்ளி; ஒரே படம் முழு ஏ4 பக்கத்தையும் மூடப் போதும். அடுக்காத படத்துக்கு ஒட்டும் ஓரம் ஏது?

நிழலான இடத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். வெளிச்சம் அப்படியும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஹை பாஸ். அது பெரிய ஏற்றத்தாழ்வை நீக்கி நுண்வரியை வைத்திருக்கும். நிறம் போய்ச் சாம்பலாகும், கவலைப்படாதீர்கள்; மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு அதன் முறையை மல்டிப்ளை என்று வைத்தால் நிறம் திரும்பும்.

தாள் அழுக்காகத் தெரிவது ஒபாசிட்டியை, அதாவது படத்தின் அடர்த்தியைக் குறைத்ததால் மட்டும் அல்ல. சிவப்பும் பச்சையும் நடுவில் இருந்தபடியே வெளிறியதால்தான் அந்தக் கறைத் தோற்றம். சாயம் ஓரத்துக்குப் போனதும் அது நின்றுவிடும். நடுக்கோரைக்கு, வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸ் சாளரத்தைத் திறந்து, அவுட்புட் பட்டையின் இடது எண்ணை 0 (கறுப்பு) என்பதிலிருந்து 225 (ஏறக்குறைய வெள்ளை) ஆக்குங்கள். மிகக் கருத்த இடமும் அதற்குக் கீழே இறங்காது, எழுத்து மேலே எழுந்து நிற்கும். கொம்பும் புள்ளியும் நுண்வரியில் தொலைந்தால் தமிழ் வாசிப்பு தடுமாறும்; க என்பதையும் க் என்பதையும் பிரிப்பது ஒரு புள்ளிதான். அதனால் எழுத்தைப் படத்தோடு சேர்த்துவிடாமல் ரைட்டரிலேயே நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவில் 13 பாயின்டில் அடியுங்கள்.

சேரன்மகாதேவிக்காரி

அண்ணாச்சி, அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி. கரை அப்படியே வந்துவிட்டது. பிள்ளை பார்த்ததும் பாயைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்து எண்ணினாள், சரியாக இருக்கிறது. மயிரிழை போய்விட்டது.

இரண்டு ஐயங்கள் மட்டும். ரைட்டரில் பின்னணி எழுத்துப் பகுதிக்குள் மட்டும் நிற்கிறது, தாளின் ஓரம் வரை போகவில்லை. பிடிஎஃப் ஆனபின் கரையின் ஓரங்களில் தூசிபோல ஏதோ படிகிறது.

பொருநை

அக்கா, பேஜ் ஸ்டைல் சாளரத்தில் பேஜ் என்ற தாவலில் பேக்கிரவுண்ட் கவர்ஸ் மார்ஜின்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்யுங்கள். பழைய பதிப்பில் அது இல்லை, புதியதை நிறுவுங்கள். ஏரியா தாவலில் படத்தின் முறை ஸ்ட்ரெச்டு என்று இருக்கட்டும், டைல்டு வேண்டாம்.

பாளை அச்சகத்தார்

அந்தத் தூசி ஜேபெக் சுருக்கம். அது படத்தை எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் கூர்மையான நிறமாற்றத்தின் பக்கத்தில் பொடி தெறிக்கும். பின்னணியைப் பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ரைட்டரில் பிடிஎஃப் ஏற்றுமதிச் சாளரத்தில் இமேஜஸ் பகுதியில் லாஸ்லெஸ் கம்ப்ரஷன் தேர்வு செய்யுங்கள். அங்கே இயல்பாக ஜேபெக்தான் குறித்திருக்கும். கோப்பு சற்றுப் பெரிதாகும், பரவாயில்லை.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், அலைவரி மஸ்கட்டில் திரும்பத் தெரியும். இரண்டாம் பக்கம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பேஜ் ஸ்டைல் உண்டாக்கி, மேல்கரை இல்லாத படத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம்.