மண்டல விதிகளைத் தளர்த்தினால் எளியவர்களுக்கு வீடு கிடைக்குமா?

கேள்வி:
ஒரு மனையில் ஒரு தனிவீடு மட்டுமே கட்டலாம் என்று நகரத்தின் பெரும்பகுதியைக் கட்டிப்போடும் மண்டல விதிகளே வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போகக் காரணம் என்றும், அதே மனையில் மூன்று நான்கு வீடுகளை அனுமதித்தால் நிலைமை மாறும் என்றும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் அனுமதி வந்தவுடன் மனையின் விலை ஏறிவிடும், அங்கே வாடகைக்கு இருப்பவர்கள்தாம் முதலில் வெளியேற நேரும் என்று அஞ்சுகிறேன். செய்து பார்த்த நகரங்களில் உண்மையில் என்ன நடந்தது?

மறுமொழி 1:
நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல், குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் கூடுதல் வீடுகளை அனுமதித்தது. அதன்பின் கட்டட அனுமதிகள் வெகுவாகப் பெருகின. அவற்றில் பெரும்பாலானவை ஒட்டிக் கட்டிய தொடர்வீடுகளும் அடுக்குமாடிகளும். வாடகை இறங்கிவிடவில்லை, ஆனால் ஏறும் வேகம் மட்டுப்பட்டது. ஜப்பானில் நில வகைப்பாட்டைத் தேசியச் சட்டமே வரையறுக்கிறது. மிகக் கட்டுப்பாடான குடியிருப்பு மண்டலத்திலும் சிறிய அடுக்குமாடிக்குத் தடையில்லை.

மறுமொழி 2:
உங்கள் அச்சம் ஆதாரமற்றதன்று. சிகாகோவில் 2013-லும் 2015-லும் ரயில் நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் மட்டும் விதிகளைத் தளர்த்தியபோது சொத்து விலை உயர்ந்தது, கூடுதல் கட்டுமானமோ அடுத்த சில ஆண்டுகளில் தென்படவில்லை. அனுமதி அரிதாக இருக்கும்வரை, அதனால் வரும் ஆதாயம் முழுவதையும் நில உரிமையாளர் விலையிலேயே கேட்டு வாங்கிவிட முடியும். நகரமெங்கும் அதே அனுமதி இருந்தால், கட்டுபவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். ஆகவே தளர்த்துவதா வேண்டாமா என்பதைவிட, எவ்வளவு பரப்பில் தளர்த்துகிறோம் என்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

மறுமொழி 3:
எந்தப் பரப்பில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் யார் எங்கே குடியிருக்கலாம் என்று இன அடிப்படையில் வகுத்த மண்டலங்களைச் செல்லாதவை என்றது. ஆனால் குறைந்தபட்ச மனை அளவும் தனிவீட்டு விதியும் அதே பிரிவினையை வருமானத்தின் வழியாகத் தொடர்ந்தன. மண்டல விதிகளை ஏற்ற அதே நீதிமன்றத்தின் 1926-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தனிவீட்டுப் பகுதியில் எழும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே குறிப்பிட்டது. வசதியானவர்களின் தெருக்களை அப்படியே விட்டுவிட்டு ஏழைகள் வாழும் பகுதியில் மட்டும் உயரக் கட்ட அனுமதிப்பது சீர்திருத்தமே அன்று. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பரப்பு விரிந்தாலும், இடிக்கப்படும் கட்டடத்தில் இருப்பவருக்கு என்ன வழி?

மறுமொழி 2:
கலிபோர்னியா 2019-இல் இயற்றிய சட்டத்தின்படி, இடிக்கப்படும் வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகளுக்கு (வாடகை உயர்வுக்குச் சட்டம் வரம்பு வைத்த வீடுகளுக்கு) ஈடான வீடுகளைப் புதிய கட்டடத்தில் தர வேண்டும். அங்கிருந்த குறைந்த வருவாயினருக்குத் தாங்கக்கூடிய வாடகையில் திரும்பிவர முன்னுரிமையும் உண்டு. இந்த நிபந்தனை கட்டட அனுமதியோடு சேர்ந்தே வர வேண்டும். பின்னர் வந்தால், அதற்குள் குடியிருந்தவர் வேறெங்கோ போயிருப்பார்.