மடிக்கணினி வெளிநாட்டுக்கா, நம் மலைப்பள்ளிக்கா?

கேள்வி (காட்பாடி):
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டியின் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில், 2007-இல் 399 டாலர் கொடுத்தவருக்கு ஒன்றும் ஏழை நாட்டுக் குழந்தைக்கு ஒன்றும் கிடைத்தன. அமெரிக்காவிலிருக்கும் என் தம்பி இப்போது அதுபோன்ற ஓர் ஏற்பாட்டுக்குப் பணம் தர விரும்புகிறான். அந்தத் தொகை நம் வேலூர் மாவட்டத்துப் பீஞ்சமந்தை மலைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரக்கூடாதா என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. இது குறுகிய எண்ணமா?

பதில் (குடியாத்தம்):
குறுகிய எண்ணமே அல்ல, அம்மா. பெரு நாட்டில் லட்சக்கணக்கில் அந்தக் கணினிகளை வழங்கிய பின்பும், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் தேர்ச்சி உயரவில்லை என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கருவி போனால் போதாது; கற்பிப்பவரும் பழுது பார்ப்பவரும் அருகில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பீடி சுற்றும் தாய் ஒருவரின் மகளுக்கு நன்கொடையாக வந்த கணினி, சார்ஜர் கெட்டதும், மாற்று வாங்க வழியின்றிப் பழைய புடவையில் சுற்றிய நிலையில் இரண்டு ஆண்டுகளாகப் பரணில் கிடக்கிறது. கொடுத்தவர் அருகில் இருந்திருந்தால் அந்தப் பழுதைக் கண்டிருப்பார்.

பதில் (ஆற்காடு):
நான் மாறுபடுகிறேன். வெயிலிலும் படிக்கக்கூடிய திரையும் குறைந்த மின்செலவும் கொண்டு, மின்வசதி குறைந்த ஊர்களை எண்ணியே அக்கணினி வடிவமைக்கப்பட்டது. தமிழக அரசு 2011 முதல் விலையில்லா மடிக்கணினி வழங்கியது. அவ்வாறு கொடுக்க வசதியற்ற அரசுகளும் உண்டு. அங்குள்ள குழந்தையும் நம் குழந்தையே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதலில் அந்தப் பரணில் உள்ள கணினிக்குச் சார்ஜர் வாங்கித் தருகிறேன். அதன் மாடல் எண்ணைத் தெரிவியுங்கள்.