கன்னுக்குட்டித் தீவனம்: மக்காச்சோளமா, மரச்சீனியா?

மலையோரம் (குலசேகரம்):
2 மாசக் கலப்பினக் கன்னுக்குட்டி. தீவனத்துல மக்காச்சோளத்தை முழுசா எடுத்துட்டு உணக்கின மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) போடலாம்னு சொல்றேன். காஞ்ச கிழங்குல 70 சதவீதத்துக்கு மேல மாவுச்சத்து. மக்காச்சோளத்துலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம்ம விளையில கிடைக்கறதை விட்டுட்டு லாரியில வர்றதை எதுக்கு வாங்கணும்?

தோவாளை வயல்:
அளவு ஒண்ணுதான் அண்ணாச்சி, புளிக்கற வேகம் வேற. சோள மணியில மாவு புரதத்துக்குள்ள பொதிஞ்சு கிடக்கு, நுண்ணுயிரி அதை உடைச்சுத்தான் உள்ள போகணும். மரச்சீனியில அந்தத் தடுப்பே கிடையாது. மாட்டோட நாலு வயித்துல முதல் வயித்துல விழுந்ததும் மளமளன்னு அமிலமாகும். பிஹெச் (குறையக் குறைய அமிலம் கூடுதல்னு காட்டற அளவு) 5.5-க்குக் கீழ இறங்கி நின்னா கன்னு தீவனத்தை மோந்துட்டு விலகும், சாணி நுரைச்சு, புளிச்ச வாடையோட இளகிப் போகும். இன்னொண்ணு, கிழங்குல புரதம் 2–3 சதவீதம்தான், சோளத்துல 9. வளர்ற கன்னு எதை வச்சு வளரும்?

மலையோரம்:
புரதக் கணக்கை ஒத்துக்கறேன். அமிலத்தைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. மாவுச்சத்து புளிச்சு வர்ற புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள்தான் முதல் வயித்தோட உட்சுவர்ல விரல் மாதிரி முளைகளை வளர்க்குது. வைக்கோலும் புல்லும் வயித்தை விரிக்கும், தசையைப் பலமாக்கும், முளையை அந்த அளவுக்கு வளர்க்காது. கெடுதல் வர்றது அரைக்கற விதத்துல. சோளத்தையே மாவா அரைச்சுப் போட்டாலும் அசை குறையும், எச்சில் ஊறாது, முளைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். குருணை பதத்துல உடைக்கணும்.

குளச்சல் கரை:
15 நாள் கன்னுக்குப் பால்ல அரிசிக் கஞ்சி கலந்து குடுக்கலாமா?

தோவாளை வயல்:
வேண்டாம். பாலோட போனா முதல் வயித்தைத் தாண்டி நேரா நாலாம் வயித்துக்குப் போயிரும். அந்த வயசுல மாவைச் செரிக்கற நொதி கணையத்துல ரொம்பக் குறைவு. செரிக்காத மாவு பெருங்குடல்ல புளிச்சுக் கழிச்சல் எடுக்கும். பாலைத் தனியாக் குடுங்க, 7–10 நாள்ல இருந்து உலர் கலப்புத் தீவனம் ஒரு கைப்பிடி தொட்டியில இருக்கட்டும், பக்கத்துல எப்பவும் தண்ணி இருக்கணும். பால் இருக்குன்னு தண்ணியை நிறுத்தறது பெரிய தப்பு, தண்ணியில்லாம முதல் வயித்துல நுண்ணுயிரி பெருகாது.

மலையோரம்:
அப்போ முழுசா வேண்டாம், 100 கிலோவுக்கு இப்படி: உடைச்ச மக்காச்சோளம் 30, மரச்சீனி 20, கடலைப் பிண்ணாக்கு 40, தவிடு 7, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. புரதம் 21 சதவீதம் பக்கத்துல நிக்கும். ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசா வெட்டி, நல்ல வெயில்ல உணக்கணும். சயனைடு தோல்லதான் கூடுதல், பச்சையாப் போடவே கூடாது.

தோவாளை வயல்:
இந்த அளவுக்குச் சம்மதம். ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழை. ஆனி, ஆடியிலயும் ஐப்பசி, கார்த்திகையிலயும் எங்க வச்சு உணக்குவீங்க? உள்ள ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும், அதோட நஞ்சு கன்னோட ஈரலைத் தாக்கும்.

மலையோரம்:
தை, மாசியில உணக்கி வச்சிரணும். ஒடிச்சா வளையாம டக்குன்னு ஒடியணும். மூட்டையைத் தரையில போடாம பலகை மேல, சுவரைத் தொடாம அடுக்கணும். கறுப்போ பச்சையோ புள்ளி தெரிஞ்சா மாட்டுக்குப் போடாம குப்பைக்குழிக்கு. நீங்க வாங்கற சோளத்துக்கும் பிண்ணாக்குக்கும் இதே கண்டிப்பு வேணும்.