நிட்மிலுக் பள்ளத்தாக்கு: மே கடைசியில் போகலாமா?

கேள்வி (வேளச்சேரி): ஆஸ்திரேலியாவில் கேத்ரின் ஊர்ப் பக்கம் இருக்கிற நிட்மிலுக் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போக ஆசை. பசங்களுக்கு மே மாத லீவுதான் தோது. அங்கேயும் கத்திரி வெயில் மாதிரி கொளுத்துமா? அம்மாவுக்கு முட்டி வலி, படகிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா?

பதில் 1: தாராளமாகப் போங்க. நமக்கு வெயில் உச்சத்தில் இருக்கும்போது அங்கே மழைக்காலம் முடிந்து வறண்ட பருவம் தொடங்கியிருக்கும், மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், ராத்திரியில் மெல்லிய ஸ்வெட்டர்கூடத் தேவைப்படும். அக்டோபர் காலாண்டு லீவுக்கு மட்டும் தள்ளிப் போடாதீங்க, மழைக்கு முந்தைய புழுக்கம் ஆளை வாட்டிவிடும். சிங்கப்பூர் வழியாக டார்வின், அங்கிருந்து காரில் தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல்.

பதில் 2: அம்மா விஷயம் முக்கியம். அது ஒரே பள்ளத்தாக்கு இல்லை, 13 துண்டுகள். வறண்ட பருவத்தில் தண்ணீர் இறங்கினால் நடுநடுவே பாறை தலைகாட்டும், படகை விட்டிறங்கி அந்த மேடுபள்ளப் பாறைமேல் நடந்துதான் அடுத்த படகில் ஏற வேண்டும். முதல் துண்டோடு திரும்பும் பயணம் இருக்கிறதா என்று கேட்டு புக் பண்ணுங்க. அதிலேயே செக்கச்செவேலென்ற மணற்கல் சுவர்களை ஆசைதீரப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணா. முதலை இருக்குமாமே?

பதில் 2: இருக்கும் தம்பி. ஒல்லி மூக்கு நன்னீர் முதலை, பெரும்பாலும் மீன்தான் தின்னும், சீண்டினால் கடிக்கும். மழை வெள்ளத்தில் உப்புநீர் முதலையும் உள்ளே வரும், அதுதான் ஆபத்து. அறிவிப்புப் பலகையில் அனுமதி இருந்தால் மட்டும் பசங்களைத் தண்ணீரில் இறக்குங்க.

பதில் 3: அந்தப் பூங்கா ஜாவொய்ன் என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் மண், 1989இல் அவர்களிடமே திரும்பியது. பாறை ஓவியங்களைத் தொட வேண்டாம் என்று பசங்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.